இரண்டு தட்டு

"ராத்திரி மழை பெய்ஞ்சுதா?"

வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு அவன் இப்படிக் கேட்டதும், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அவன் மனைவி ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். அவர்களுடையது தகரக் கூரை வீடு. தூறல் விழுந்தாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அன்று விழுந்தது தூறலும் இல்லை. கூரை பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று அவள் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். அவன் அசையவில்லை. அலுப்பில் தூங்குகிறான் என்று விட்டுவிட்டாள்.

"பெய்ஞ்சுது," என்றாள்.

"என்ன?"

"பெய்ஞ்சுதுன்னேன்! நல்ல மழை!"

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கத்தி தீட்டப் போய்விட்டான். கொஞ்ச காலமாகவே தான் அவனிடம் கத்திக் கத்திப் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேறு தொழில் என்றால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காது கேட்காத தச்சன் கட்டில் செய்வான். காது கேட்காத தையல்காரன் சட்டை தைப்பான், பெண்டாட்டி திட்டுவது விழாமல் இன்னும் நிம்மதியாகக்கூடத் தைப்பான். இவன் காட்டில் வழி காட்டுகிறவன்.

ரோடு முடிகிற இடத்தில் அவர்கள் ஊர். அதற்கப்புறம் காடு. காட்டைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களை ஐந்து நாள் உள்ளே நடத்திக் கூட்டிப்போய், அருவியைக் காட்டி, கைகால் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. முன்னால் போகிறவன் தலையாள். வழி பார்ப்பதும் கொடி வெட்டுவதும் அவன் பாடு. பின்னால் வருகிறவன் வாலாள். ஒருத்தரையும் விட்டுவிடாமல் ஓட்டிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. வந்தவர்கள் நடுவில். ஒரே வரிசையாகப் போகிறார்கள் என்று பெயர்தான். ஒருவர் நின்று ஷூ லேசைக் கட்டுவார், ஒருவர் பறவை பார்ப்பார், அரை மணி நேரத்தில் தலைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு மேடும் பள்ளமும் வந்துவிடும். பத்தடிக்கு அப்பால் இலையைத் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்டால் குரலும் இலையோடு நின்றுவிடும்.

அதனால் தட்டுவார்கள். அந்தக் காட்டில் பெரிய மரங்களுக்கு வேர் தரைக்கு மேலே பலகை பலகையாக ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கத்தியின் முதுகால் ஓங்கித் தட்டினால் அடிவயிறு அதிர ஒரு சத்தம் வரும், ஒரு மேட்டைத் தாண்டிக் கேட்கும். வாலாள் அவ்வப்போது ஒன்று தட்டுவான்: பின்னால் எல்லாம் சரி. மூன்று தட்டினால், ஆள் வேண்டும், உடனே வா. எதைத் தட்டினாலும் தலையாள் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும்: கேட்டது. பதில் வரவில்லை என்றால் வாலாள் தானே ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவான். பதில் வந்துவிட்டால் இருந்த இடத்திலேயே இருப்பான். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் வருகிறவன் உயிர் முன்னால் போகிறவன் காதில் இருக்கிறது என்பது மட்டும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்குப் பின்னால் வருகிறவன் வேறு யாருமில்லை. அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஊரில் அவனுக்கு 'வாலு' என்றே பெயர்.

டவுனில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் கால் பங்கு இருக்கிறது என்றார் டாக்டர். நரம்பு தளர்ந்துவிட்டதாம், மருந்து இல்லையாம்.

"மிஷின் வெச்சுக்கலாம்," என்றார்.

"மழையில நனைஞ்சா?"

"மழை வந்தா கழட்டி வெச்சுடணும்."

"நாங்க இருக்கிற இடத்துல மழை எப்ப நிக்கும்னுதான் சார் கேக்கணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"தம்பிகிட்டயாவது சொல்லணும். அவன்தானே பின்னால வர்றான்."

"அவனுக்குத் தெரிஞ்சா, நடைக்கு ஆள் அனுப்புற ஆபீசுக்குத் தெரிஞ்ச மாதிரி. நாளைக்கே அவனைத் தலையாளா போட்டுட்டு என்னைச் சாமான் தூக்கச் சொல்லுவாங்க. இருபத்திரண்டு வருஷமா முன்னால நடந்தவன் நான். இனிமே மச்சான் முதுகைப் பாத்துக்கிட்டு நடக்கணுமா?"

"அவன் அப்படி நினைக்கிறவன் இல்ல."

"நினைக்க மாட்டான். பாவம் பாப்பான். அதைத்தான் என்னால தாங்க முடியாது."

அவன் மேலேயே பழியைப் போட முடியாது. அடுத்த யோசனை அவளுடையதுதான். தானே சமையலுக்கென்று கூட வருவதாகச் சொன்னாள்.

"உனக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டு நடக்கிறேன். தட்டு கேட்டா உன் பை வாரைப் பிடிச்சு இழுக்கிறேன். ஒண்ணுன்னா ஒரு இழுப்பு, மூணுன்னா மூணு. நீ உன் பாட்டுக்குப் பதில் தட்டு."

"நீ பக்கத்துல இல்லன்னா?"

"இல்லன்னா நீ தட்டவே கூடாது. பதில் வரலைன்னா அவன் ஓடி வருவான், ஒண்ணும் கெட்டுப்போகாது. கேக்காத தட்டுக்குப் பதில் போச்சுன்னாதான் வினை. புரியுதா? நான் இல்லாம ஒரு தட்டுக்கூடத் தட்ட மாட்டேன்னு சொல்லு."

"தட்ட மாட்டேன்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவளைப் பார்த்துச் சொன்னான். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மாதம் போயிற்று. மூன்று தடவை காட்டுக்குப் போய்வந்தார்கள். பை வாரும் அவள் விரலும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இடையில் யாரோ சொன்னார்கள் என்று அவன் ஒரு மூலிகை எண்ணெயைக் காய்ச்சி, தினமும் வலது காதில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருந்தான். விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு அவளைப் பேசச் சொல்வான். பேசினால், "கொஞ்சம் தெளிவா இருக்கிற மாதிரி இருக்கு," என்பான். அவள் ஆமாம் போடுவாள்.

நாலாவது நடைக்கு முந்தின நாள் தம்பி மூட்டை கட்ட வந்தான். அரிசி, பருப்பு, கருவாடு, உப்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நனையக்கூடியதை நெகிழிப் பையிலும் நனைந்தால் பரவாயில்லாததைச் சாக்கிலுமாகப் பிரித்துப் போட்டான். அட்டை கடிக்காமல் காலில் பூசப் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்தான். கை வேலை செய்ய வாயும் ஓயாது அவனுக்கு.

"அக்கா, நீ வந்ததுலேருந்துதான் நாங்க சோறு திங்கிறோம். முன்னால மாமா சமைப்பாரு பாரு, அதைத் தின்னுட்டு நடந்தா அட்டைகூட எங்களைக் கடிக்காது."

"இன்னிக்கு மாமா காதுல விழட்டும், உனக்கு இருக்கு."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி புகையிலையைப் பிசைந்தான்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளேன்."

"மாமாவுக்குக் காது கேக்குதா?"

அரிசிச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"ஏன் இப்படிக் கேக்கிற?"

"போன தடவை அருவிகிட்ட பின்னாலேருந்து கூப்பிட்டேன். நாலு தடவை. திரும்பவே இல்ல."

"அருவிச் சத்தத்துல யாருக்குடா கேக்கும்?"

"உனக்குக் கேட்டுதே. நீ திரும்பினியே."

"நீ சின்ன வயசுல அழுதா அடுத்த தெருவிலேருந்து எனக்குக் கேக்கும். அந்தக் காது இது."

அவன் சிரித்தான். ஆனால் விடவில்லை.

"கேக்கலைன்னாலும் ஒண்ணும் இல்லக்கா. தெரிஞ்சா போதும், அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கலாம். தட்டிட்டு நான் பாட்டுக்கு நம்பி உக்காந்திருக்கக் கூடாது பாரு."

"உன் தட்டுக்கு என்னிக்காவது பதில் வராம இருந்திருக்கா?"

யோசித்தான். "இல்ல."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுப் புகையிலைக் கையைக் கழுவப் போனான். அக்கா சொன்னால் அவனுக்கு அது முடிந்த விஷயம்.

வந்தவர்கள் மூன்று பேர். ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் ஒருவர், அவர் மகள், அவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு போட்டோக்காரர். மேனேஜர் ஒவ்வொரு மரத்துக்கும் என்ன வயது இருக்கும் என்று கேட்டார். தலையாளுக்குக் கேட்கவில்லை. அவள்தான் பின்னாலிருந்து, "இருநூறு இருக்கும் சார்," "முந்நூறு இருக்கும் சார்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மகள் அதிகம் பேசாதவள். போட்டோக்காரரோ காளானைப் பார்த்தால் காலை நீட்டிப் படுத்துவிடுவார். அவர் எழுந்திருக்கும்வரை வாலு பக்கத்தில் குந்திக்கொண்டு அவர் காலில் ஏறும் அட்டைகளைப் பிடுங்கிப் போடுவான். இரண்டு நாளில் இரண்டு பேரும் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். படம் எப்படி வந்திருக்கிறது என்று போட்டோக்காரர் காமிராவைத் திருப்பிக் காட்ட, "சார், காளான் உங்களைவிட அழகா இருக்கு," என்பான் வாலு.

முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒரு குறையும் இல்லை. பின்னால் ஒன்று கேட்கும், அவள் வாரை ஒரு இழுப்பு இழுப்பாள், அவன் பக்கத்து வேரில் இரண்டு தட்டுவான். மேனேஜர் அதை ரசித்தார். "டெலிபோனே வேண்டாம் போலிருக்கே," என்றார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே காற்று இல்லை. எப்போதும் காதைத் துளைக்கிற சில்வண்டு அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது. உடம்பில் துணி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மரங்களுக்கு மேலே வானம் தெரிகிற ஒன்றிரண்டு இடத்தில் பார்த்தால், மேற்கு மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை. இங்கே பெய்யாமல் மேலே பெய்கிற மழையைக் கண்டால்தான் அவர்களுக்குப் பயம். தலையாள் நின்று மூக்கை உறிஞ்சினான், நடையை எட்டிப் போட்டான்.

மதியத்துக்கு முன்னால் காட்டாற்றுக்கு வந்தார்கள். அகலமான படுகை, முழுக்கப் பாறையும் கூழாங்கல்லும். நடுவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது.

"ஆத்துக்குள்ள நிக்காதீங்க," என்றான் தலையாள் எல்லோரையும் பார்த்து. "தண்ணி குடிக்கிறது, மூஞ்சி கழுவுறது எல்லாம் மேல போய். நேரா ஏறுங்க."

எல்லோரும் ஏறினார்கள். போட்டோக்காரர் மட்டும் ஏறவில்லை. ஈர மணலில் நீல வண்ணத்துப்பூச்சிகள் நூறு, இருநூறு அப்பிக்கொண்டிருந்தன. "ரெண்டே நிமிஷம்," என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"நீங்க போங்க மாமா," என்று வாலு கையை ஆட்டிக் காட்டினான். "நான் சாரைத் தூக்கிட்டாவது வந்துடறேன்."

அக்கரையில் ஏற்றம் செங்குத்து. வேரைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் மேனேஜர் மகள் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. தலையாள் திரும்பி வந்து பார்த்தான். வெயில் இல்லாத புழுக்கத்தில் நடக்கிறவர்களுக்கு வருவதுதான். உப்புத் தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்.

"நீ இதைப் பாத்துக்கோ," என்றான் மனைவியிடம். "நான் சாரை மேல கூட்டிட்டுப் போய்த் தார்ப்பாயைக் கட்டுறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கொட்டப் போகுது."

அவள் வாரை விடவில்லை. மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது. அவன் இடுப்புக் கத்தியைத் தொட்டுக் காட்டி, விரலை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். சரி என்று அர்த்தம். வாரை விட்டாள்.

அவர்கள் மேலே போய் மறைந்து கால் மணி நேரம் இருக்கும். அவள் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இலையால் விசிறிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து சத்தம் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

விசிறிய கை நின்றுவிட்டது. இத்தனை நாளில் தம்பி மூன்று தட்டி அவள் கேட்டதே இல்லை. இந்தப் பெண்ணைப் போட்டுவிட்டு எப்படிப் போவது, மேலே ஓடுவதா கீழே ஓடுவதா என்று அவள் தவித்தது ஒரு நொடிதான். அதற்குள் மேலேயிருந்து, சொல்லிவைத்த மாதிரி, கணீரென்று வந்தது.

ஒன்று. இரண்டு.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவனுக்குக் கேட்டிருக்கிறது! அவள் பக்கத்தில் இல்லை, வாரை யாரும் இழுக்கவில்லை. அவள் இல்லாமல் தட்ட மாட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னவன் தட்டுகிறான் என்றால் அவன் காதால் கேட்டுத்தான் தட்டுகிறான். அந்த எண்ணெய் வேலை செய்துவிட்டது. எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்படியே இறங்கியது. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னக்கா? ஏன் அழறீங்க?" என்றாள் படுத்திருந்தவள். "அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. என் தம்பி ஆள் வேணும்னு கூப்பிட்டான். எங்க வீட்டுக்காரர் வர்றேன்னு சொல்லிட்டாரு."

"ஏதாவது ஆபத்தா?"

"போட்டோ சார் எங்கயாவது சறுக்கி விழுந்திருப்பாரு. எங்க வீட்டுக்காரர் போனா ஒரு நிமிஷத்துல தூக்கி நிறுத்திடுவாரு, பாருங்க."

அவன் இறங்கி வருவான் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. மேட்டின் வேறொரு ஓரத்தில் ஒரு குறுக்கு இறக்கம் உண்டு, வழுக்கும், ஆனால் சீக்கிரம் ஆற்றுக்குப் போகலாம். அதில் போயிருப்பான் என்று நினைத்தாள். அவசரம் என்றால் அதில்தானே போவான். உப்புத் தண்ணீரை இன்னும் இரண்டு வாய் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

பத்து நிமிஷம் போயிற்று. கீழே போய்ச் சேர்ந்திருந்தால் ஒன்று தட்டியிருப்பார்கள், எல்லாம் சரி என்று. அதுவும் இல்லை. கை வேலையாக இருக்கும் என்றாள் தனக்குத்தானே. இன்னும் ஐந்து நிமிஷம் போயிற்று. காட்டில் ஓர் இலை அசையவில்லை. மலைப்பக்கம் இடி உருண்டது. அந்தச் சந்தோஷம் எப்போது போயிற்று என்று தெரியாமலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"எந்திரிங்கம்மா. முடியுமா? என் தோளைப் பிடிச்சுக்கோங்க. மேல போயிடலாம்."

பாதி இழுத்தும் பாதி சுமந்தும் அவளை மேட்டுக்குக் கொண்டுபோனாள். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால், தலையாள் இரண்டு மரத்துக்கு நடுவே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மேனேஜர் ஒரு முனையைப் பிடித்திருந்தார். அவன் இவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துட்டீங்களா? வாலு எங்க, இன்னும் ஏறலையா?"

அவள் மேனேஜரிடம் போனாள்.

"சார், கீழேருந்து தட்டுச் சத்தம் கேட்டுதா?"

"கேட்டுதேம்மா. நான் என்னடான்னு அந்தப் பக்கம் திரும்பினேன், அதுக்குள்ள இவர் கத்தியை எடுத்துப் பதில் தட்டிட்டாரு. என்ன வேகம்னு நினைச்சேன்."

மேனேஜர் தலையைத் திருப்பியதை அவன் பார்த்திருக்கிறான். சத்தம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டான். வழக்கமாக வருகிற ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டான். பதில் தட்டாமல் நின்றால் மேனேஜர் ஏன் என்று கேட்பார். எத்தனை தட்டு வந்தது என்று அவரிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு தட்டிவிட்டான்.

அவள் அவன் முகத்துக்கு நேராக மூன்று விரலை நீட்டினாள்.

அவன் விரல்களைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். தார்ப்பாய்க் கயிறு கையிலிருந்து நழுவியது. அடுத்த நொடி குறுக்கு இறக்கத்தில் ஓடினான், அவளும் பின்னாலேயே ஓடினாள். சறுக்கி விழுந்து, எழுந்து, முள்ளைப் பிடித்து, மறுபடி சறுக்கி, அவர்கள் பாதி இறங்கியபோது கீழே லாரியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம் ஆரம்பித்தது. கொட்டி முடியாமல் அது வளர்ந்துகொண்டே வந்தது. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், அல்லது காலில் நிலம் அதிர்ந்திருக்க வேண்டும். அப்படியே நின்றான். அவள்தான் அவனைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

படுகை இருந்த இடத்தில் செந்நிறமாகத் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. முழு மரங்கள் வேரோடு புரண்டு போயின. மணலும் இல்லை, பாறையும் இல்லை. அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கரையோரமாகவே ஓடினாள். இரண்டு வளைவு தாண்டி, கரையில் சரிந்து நின்ற ஒரு மரத்தின் வேருக்குள் அவன் மாட்டிக்கிடந்தான். இடுப்புவரை தண்ணீர். கழுத்தில் போட்டோக்காரரின் காமிரா தொங்கியது.

இருவருமாக அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தனியாக இருக்கப் பயந்துகொண்டு மேனேஜரும் மகளும் இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தலையாள் இரண்டு மூங்கிலை வெட்டி வந்தான். அவள் தம்பியின் காலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு?" என்றாள்.

தம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். பல் கிட்டியது.

"கால் மாட்டிக்கிச்சுக்கா. பூச்சியைப் படம் பிடிக்கப் பின்னால நகர்ந்தாரு, ஒரு கல்லு உருண்டு மேல சாஞ்சுடுச்சு. நான் ஒத்தையா முட்டிப் பாத்தேன். இன்னொரு ஆள் இருந்தா நகர்ந்திருக்கும். தட்டினேன். உடனே பதில் வந்துச்சு. சார், பயப்படாதீங்க, எங்க மாமா பத்து நிமிஷத்துல இங்க இருப்பாருன்னு சொன்னேன். அவரு, நீயே போய்க் கூட்டிட்டு வாயேன்னாரு. ரெண்டு தடவை சொன்னாருக்கா. பதில்தான் வந்துடுச்சே, உங்களை எதுக்குத் தனியா விட்டுட்டுப் போறதுன்னு பக்கத்துலயே உக்காந்துட்டேன். பேசிக்கிட்டிருந்தோம். காமிரா நனையாம பாத்துக்கன்னு என் கழுத்துல போட்டாரு. தண்ணி வந்தப்ப கையைப் பிடிச்சிருந்தேன். பிடிச்சுத்தான் இருந்தேன்."

மூச்சு வாங்கினான். கண்ணைத் திருப்பித் தலையாளைப் பார்த்தான்.

"ஏன் மாமா வரல?"

தலையாள் மூங்கிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஆற்றுச் சத்தத்தில் அவனுக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன சொல்றான்?" என்றான் மனைவியிடம். "போட்டோ சார் எங்க? ஏய், அவன் என்ன சொல்றான்?"

இதை மெதுவாகச் சொல்ல வழியில்லை. அவள் தம்பியின் காலை மெல்லக் கீழே வைத்தாள். எழுந்து, புருஷனைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் போனாள். அவன் காதில் வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"மூணு தட்டினானாம்! நீ பதில் குடுத்தியாம்! அதை நம்பி அங்கயே உக்காந்திருந்தாங்களாம்! அந்த மனுஷன் போயிட்டாரு!"

தலையாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். மூங்கில் கையைவிட்டு உருண்டது. மேனேஜர், "ஐயோ," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி மாமாவைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது காது பக்கத்திலேயே இருந்தும் அவள் ஒரு கணம்கூட யோசிக்காமல் வலது பக்கம் சுற்றிப் போனதை அவன் பார்த்திருந்தான்.

"எத்தனை நாளாக்கா?" என்று கேட்டான்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எட்டு மாசம்."

அவன் கண்ணை மூடினான். வலியில் மயங்கிவிட்டானோ என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"கைய எடு," என்றான்.

"கட்டணும்டா. அசைஞ்சா எலும்பு..."

"நீ எடு அக்கா."

அவள் கையை எடுத்தாள். மேனேஜரின் மகள் வந்து சேற்றில் முழங்காலிட்டு, அவள் பிடித்திருந்த இடத்தில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.